இரத்தம் காணாது

எங்கள் ஊர்ப்பக்கம் ‘காணாது’ என்றால் போதாது என்று அர்த்தம். கறிக்கு உப்புக் காணாது. சம்பளம் காணாது. சட்டைக்கு ரெண்டு மீற்றர் துணி காணாது. சென்னையில் இருக்கும் சிநேகிதி ஒருத்தியிடம் “தங்கச்சிக்கு ரத்தம் காணாதாம்” என்று தொலைபேசியில் சொன்னபோது, அவள் கொஞ்சம் குழம்பிவிட்டு, “எங்க தேடினாங்க?” என்று கேட்டாள். இருவரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால் அது அப்படியொன்றும் பிழையான கேள்வி இல்லை.

தேடின இடம் ஒரு கிளினிக் கொப்பி. 2022 ஆம் ஆண்டு ஆனி மாதம், தங்கச்சிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அதில் 7.9 என்று எழுதியிருந்தது. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 7.9 கிராம் ஹீமோகுளோபின். கர்ப்பிணிக்கு அது 11க்குக் குறைந்தால் குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய கணக்கு. 7க்குக் கீழே போனால் கடுமையானது. பங்குனியில் நடந்த முதல் சோதனையில் அவளுக்கு 10.2 இருந்தது. மிட்வைஃப் அக்கா எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, யாழ்ப்பாணம் போய்க் காட்டும்படி பக்கத்தில் எழுதியிருந்தா. தங்கச்சி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வட்சப்பில் அனுப்பிவிட்டு, கீழே “பயப்பிடாத அக்கா, எல்லாருக்கும் இப்பிடித்தானாம்” என்று எழுதியிருந்தாள்.

எல்லாருக்கும் என்று அவள் சொன்னதும் பொய்யில்லை. 2019 ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி உலகக் கர்ப்பிணிகளில் 36.5 சதவீதம் பேருக்குக் குருதிச்சோகை. இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 52.2 சதவீதம். பாதிப் பேருக்கு இருக்கிற ஒன்றை யார் வருத்தம் என்று சொல்லப் போகிறார்கள்? தலைமயிர் நரைப்பது மாதிரி, அது பெண்ணாய்ப் பிறந்தால் வருகிற ஒன்று. தலைசுற்றினால் கொஞ்சம் குந்தியிருந்துவிட்டு எழும்ப வேண்டியதுதான்.

அந்த நாட்களில் எரிபொருள் இல்லாமல் நாடே நின்றுபோயிருந்தது. பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிட்டார்கள். நான் பத்தாம், பதினோராம் ஆண்டுகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். படிப்பிக்கப் பிள்ளைகள் இல்லை. ஆகவே வெளிக்கிட்டு ஊருக்குப் போனேன். இரண்டு கிழமை நின்றேன்.

ஊர் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் போய், வேலணை கடந்து, புங்குடுதீவு கடந்தால் குறிகட்டுவானில் றோட்டு முடிந்துவிடும். அதற்கு மேல் படகு. கடல் நல்லாயிருந்தால் ஒரு மணித்தியாலம். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு நீளும் என்பதை, வயிற்றுக்குள் ஒன்றும் தங்காமல் வாளியைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். கிட்டத்தட்ட 50 சதுரக் கிலோமீற்றர் நிலம், நாலாயிரத்துச் சொச்சம் சனம். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரையே வைத்து ‘டெல்ஃப்ற்’ என்று கூப்பிட்டார்கள். இப்போது வார இறுதியில் வருகிறவர்கள் கட்டைக் குதிரைகளையும் பெருக்கு மரத்தையும் முருகைக்கல் வேலிகளையும் படமெடுத்துக்கொண்டு பின்னேரப் படகில் போய்விடுவார்கள். அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்கள் எதிலும் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிற பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் என்ன நிறம் என்று தெரியாது.

எங்கள் ஊர்க்காரருக்குப் படகு ஒரு வாகனம் மட்டும் இல்லை. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போய்க்கொண்டிருந்த சனத்தை நடுக்கடலில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். வருசா வருசம் மாவிலித்துறையில் நினைவுகூருகிறோம். அம்மா இன்றைக்கும் படகில் ஏறினால் இறங்கும்வரை பேசமாட்டா. கடல் கடந்து போய்ப் பிள்ளை பெறுவது என்றால், பெரியவர்கள் முகத்தில் ஒரு தயக்கம் வருகிறது. அதை வெறும் அறியாமை என்று கணக்கில் எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

போன முதல்நாள் காலமையே ஒன்றைக் கவனித்தேன். தங்கச்சி குளிசை போடத்தான் செய்கிறாள். இரும்புச்சத்துக் குளிசை, அதோடு கல்சியம், இரண்டையும் ஒன்றாக உள்ளங்கையில் வைத்து, ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணியோடு விழுங்கினாள். பிறகு புட்டு. பிறகு இன்னொரு தேத்தண்ணி.

“தண்ணியோட போடன்.”

“எந்தத் தண்ணியோட? வாயில வைக்கேலாது, கரிக்குது.”

இதை விளங்கிக்கொள்ள நெடுந்தீவின் கிணறு தெரிய வேண்டும். தீவில் நல்ல தண்ணீர் உள்ள கிணறுகள் விரல்விட்டு எண்ணக் கூடிய இடங்களில்தான். சாராப்பிட்டித் தண்ணிக்கு எல்லாரும் போவது அதனால்தான். மற்ற இடங்களில் உவர். கோடை முற்ற முற்ற உவர் கூடும். அந்தத் தண்ணீரை மனிதர் குடிக்கக் கண்டுபிடித்த வழி தேயிலை. நல்ல சாயமாக, பனங்கட்டியோ சீனியோ கடித்துக்கொண்டு குடித்தால் உப்புத் தெரியாது. இப்போது பவுசரிலும் கானிலும் நல்ல தண்ணீர் வருகிறது. தேத்தண்ணிப் பழக்கம் மட்டும் போகவில்லை. தண்ணீர் கேட்டால் தேத்தண்ணி வருகிற வீடுகள்தான் எங்கள் வீடுகள்.

தேயிலையில் உள்ள பொலிபினோல்கள் இரும்பைப் பிடித்துக் கட்டிவைத்துவிடும். இலைதழை, தானியம், குளிசை ஆகியவற்றிலிருந்து வருகிற இரும்பை உடம்பு உறிஞ்சுவதை, சாப்பாட்டோடு குடிக்கிற ஒரு கோப்பை தேநீர் பாதிக்கு மேல் குறைத்துவிடக் கூடியது. கல்சியம் தன் பங்குக்கு இன்னொரு கதவைச் சாத்தும். அதனால்தான் இரண்டு குளிசையையும் வேறுவேறு நேரத்தில் போடச் சொல்வது. தங்கச்சிக்கும் சொல்லித்தான் இருக்கிறார்கள். ஆனால் கிளினிக்கில் ஒரு நாளில் எத்தனையோ விசயம் சொல்வார்கள். அத்தனைக்கும் நடுவில், காலமை ஒன்று இரவு ஒன்று என்பது, ஆட்டுக்குக் குழை வெட்டி, பெடியனைப் பள்ளிக்கு அனுப்பி, மீன்வலைக்காரனுக்குச் சாப்பாடு கட்டுகிற வீட்டில் காலமை ரெண்டும் என்று ஆகிவிடுகிறது.

மூன்றாம் நாள்தான் மெல்ல மற்றதையும் சொன்னாள். குளிசை போட்டால் மலம் கறுப்பாகப் போகுது, இறுகுது, வயிற்றைப் பிரட்டுது. ஆதலால் கிழமையில் இரண்டு மூன்று நாள் போடுவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையும் கறுத்துப் பிறக்கும் என்று சொன்னாவாம். “நான் அதை நம்பேல்ல,” என்றாள் அவசரமாக. பிறகு, “ஆனா நினைப்பு வரும்,” என்றாள்.

இன்னொன்றும் இருந்தது. அரிசிப் பானைக்குப் பக்கத்தால் போகும்போதெல்லாம் ஒரு பிடி பச்சையரிசியை அள்ளி வாய்க்குள் போட்டுக்கொள்வாள். கதைத்துக்கொண்டே சப்புவாள். மாமி, அவளுடைய மாமியார், “மசக்கை இன்னும் விடேல்ல” என்று சிரிப்பா. இரும்பு குறைந்த உடம்பு இப்படித்தான் கேட்கும். சிலர் பச்சையரிசி, சிலர் மண், சிலர் ஐஸ்கட்டி. ஏன் அப்படிக் கேட்கிறது என்பதற்கு நான் படிப்பிக்கிற புத்தகத்தில் பதில் இல்லை.

‘நல்லாச் சாப்பிடு’ என்பதுதான் எல்லாரும் சொல்வது. பீற்றூட் சாப்பிடு, மாதுளை சாப்பிடு. சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊற்றும் என்ற நம்பிக்கை யாழ்ப்பாணத்து வைத்தியரில்லா வைத்தியத்தில் அசைக்க முடியாதது. பீற்றூட்டின் சிவப்புக்கும் இரும்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதைவிட, ஆடி மாதத்து நெடுந்தீவில் பீற்றூட் எங்கே இருக்கிறது? அது படகேறி வர வேண்டும். படகில் டீசல் இருக்க வேண்டும்.

உடம்பு லேசாக உறிஞ்சக் கூடிய இரும்பு மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது. நாலு பக்கமும் கடல் உள்ள ஊரில் மீனுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். அந்த வருசம் பஞ்சம்தான். எங்கள் பக்கத்து ஃபைபர் வள்ளங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. மண்ணெண்ணெய் இல்லை. தங்கச்சியின் மனுசன் கிழமைக்கு ஒருநாள் இரண்டுநாள்தான் தொழிலுக்குப் போனான். போன நாளில் பட்ட நல்ல மீன் எல்லாம் கரையிலேயே விலைப்பட்டு யாழ்ப்பாணம் போய்விடும். வீட்டுக்கு வருவது விலைபோகாத சிறுமீன். அது நல்லதுதான். ஆனால் அதிலும் சூடை, சூரை மாதிரிக் கருஞ்சதை மீனெல்லாம் கிரந்தி என்று வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கொடுக்கமாட்டார்கள். நண்டு கிரந்தி. கணவாய் கிரந்தி. இறால் கிரந்தி. கடைசியில் அவளுக்குக் கிடைப்பது குழம்பு.

அதுவும் கடைசியில்தான். முதலில் தொழிலுக்குப் போய் வந்தவன், பிறகு பெடியன், பிறகு வந்த ஆள் என்று எனக்கு. நாங்கள் எழும்பினபிறகு மாமியும் தங்கச்சியும் சட்டியை வழித்துச் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்கள். அந்தச் சோறு ருசியானது, சின்ன வயதில் அதற்கு நாங்கள் அடிபட்டிருக்கிறோம். அதில் மீன் இல்லை என்பது அப்போது கணக்கில் வரவில்லை. யாரும் அவர்களைக் கடைசியில் சாப்பிடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் அது நடக்கிறது.

தீவு என்றதும் எல்லாத் தீவுக்கும் ஒரே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. மாலைதீவில் மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தலசீமியாவுக்கான மரபணுவைச் சுமக்கிறார்கள். அங்கே இரத்தம் குறைந்த எல்லாருக்கும் இரும்பைக் கொடுத்துவிட்டால் சரி என்று இருக்க முடியாது. சான்சிபாரின் பெம்பாத் தீவில் பெரிய காரணம் கொக்கிப்புழு, வெறுங்காலால் ஏறிக் குடலில் இருந்து இரத்தம் குடிப்பது. மேற்குப் பசுபிக்கின் சில தீவுகளில் மலேரியா. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது, பூச்சிக் குளிசையை கிளினிக்கில் கொடுக்கிறார்கள். ஆக, எங்களுக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்தச் சட்டியும் தேத்தண்ணியும் படகும்தான். ஒவ்வொரு தீவுக்கும் நோய் வருகிற வழி வேறு. பொதுவாக இருப்பது ஒன்று, வந்தபிறகு அடுத்த கரை தூரம்.

இரவில் மாமிக்கு விளங்கப்படுத்த முயன்றேன். வகுப்பில் படம் கீறிச் சொல்வதைவிட இது கஷ்டம். கடைசியில் கிணறுதான் உதவியது. மாரியில் மழை பெய்து கிணறு ஊறி மேலே வரும்போது தண்ணீரின் உவர் குறையுமல்லவா? உப்பு எங்கும் போகவில்லை, தண்ணீர் கூடிவிட்டது. பிள்ளைத்தாச்சியின் உடம்பிலும் அப்படித்தான். இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய அரைப்பங்கு கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்தளவுக்குக் கூடுவதில்லை. அதனால் எண் கொஞ்சம் இறங்குவது இயல்பு, அதில் பயமில்லை. பயம் எங்கேயென்றால், புதிதாகச் சிவப்பணு செய்யவும், பிள்ளைக்கும் கொப்பூழ்க்கொடிப் பூவுக்கும் கொடுக்கவும், ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் 1000 மில்லிகிராம் அளவு இரும்பு வேண்டும்.

“அதெவ்வளவு?”

“ஒரு கிராம். சின்ன ஆணி ஒண்டு.”

மாமி சிரித்துவிட்டா. “ஒரு ஆணிக்கோ இவ்வளவு கதை?”

அந்த ஆணியைத் தாயின் உடம்பு சாப்பாட்டிலிருந்து ஒவ்வொரு நாளும் சில மில்லிகிராமாக அரித்துச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சேமிப்பிலிருந்து எடுக்கும். முதல் பிள்ளையோடு சேமிப்புத் தீர்ந்தவளிடம் எதை எடுப்பது? பிள்ளை கேட்காமல் இருக்காது. அது எடுத்துக்கொண்டுதான் இருக்கும், தாய்க்கு மூச்சு வாங்கும். எல்லை தாண்டினால் பிள்ளைக்கும் கிடைக்காது. நிறை குறைந்து, நாளுக்கு முந்திப் பிறக்கலாம்.

இந்த இடத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தராத பெயர். 1928இல் அவர் லண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலைசெய்த பெண்கள் கர்ப்பமானபோது கடுமையான குருதிச்சோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். நோய்க்கிருமி தேடினால் இல்லை. வில்ஸ் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். ஏழைப்பட்ட வீடுகளில்தான் நோய் கூட. எலிகளிலும் பிறகு குரங்கிலும் சோதித்துக்கொண்டு போகையில், ஒரு குரங்கு மார்மைட் கொடுத்ததும் தேறியது. மார்மைட்தான், ரொட்டியில் பூசுகிற அதே கறுப்புப் பசை. பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931இல் அதை எழுதி வெளியிட்டார். அதற்குள் இருந்த பொருளுக்குப் பல காலம் ‘வில்ஸ் காரணி’ என்றே பெயர். 1941இல் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலத்தீனில் இலைக்குள்ள சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்றார்கள். இன்றைக்குக் கர்ப்பிணிகள் எல்லாரும் போடுகிற ஃபோலிக் அமிலக் குளிசையின் கதை அந்த ஆலைப் பெண்களிடம் தொடங்குகிறது. அவர்களில் ஒருத்தியின் பெயரும் எனக்குத் தெரியாது. அம்மா எங்களுக்குக் காய்ச்சல் விட்டபிறகு வெந்நீரில் மார்மைட் கரைத்துத் தருவா. அது ஏன் என்று அவவுக்கும் தெரியாது. உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான். தங்கச்சியின் குறை இரும்புக் குறை. அதை மார்மைட் தீர்க்காது. ஆனால் வில்ஸ் செய்த ஒரு காரியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது: வீட்டுக்குள் போய்ச் சட்டிக்குள் பார்த்தது.

நிற்க. தங்கச்சியை யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போவதுதான் பிரச்சினை. முப்பத்துமூன்றாம் கிழமை ஆகிவிட்டது. இனிக் குளிசையால் ஏற்றிக்கொள்ள நாள் காணாது, வாட்டில் வைத்து நாளத்தால் இரும்பு ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு தவணை பார்த்து, திரும்பி வராமல் அங்கேயே நிற்பதுதான் நல்லது. அப்படியென்றால் இரண்டு மாதம். மூன்றாம் ஆண்டு படிக்கிற பெடியன். பதினேழு ஆடு. முழங்கால் ஏலாத மாமி. தொழில் இல்லாமல் வீட்டில் சிடுசிடுத்துக்கொண்டிருக்கிற மனுசன். “நான் போனா இந்த வீடு என்னத்தில நிக்கும்?” என்று கேட்டாள். அவள் அழுதுகொண்டு கேட்கவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். எனக்கும் அதற்கு நல்ல பதில் இருக்கவில்லை.

மாமி தன் பக்கத்தைச் சொன்னா. “நாங்கள் பெறேல்லையோ? மூண்டு பெத்தனான். ரெண்டு இஞ்சதான்.”

நான் வகுப்பில் சொல்கிற மாதிரியே சொன்னேன். பிள்ளை பிறக்கிற நேரத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளை வந்து, நஞ்சுக்கொடி விழுந்ததும், கருப்பை இறுகிச் சுருங்கி அந்தக் குழாய்களை நெரித்து மூடும். மூடாவிட்டால் குழாய் திறந்து கிடக்கிற மாதிரி. நல்ல இரத்தம் உள்ளவள் அரை லீற்றர் இழந்தாலும் எழும்பி இருந்து தேத்தண்ணி கேட்பாள். 7.9 உள்ளவளுக்கு அதே அரை லீற்றர் வேறு கணக்கு. அங்கே நிமிடம் எண்ணுகிறோம். குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னொரு மணித்தியாலம். அவசரமென்றால் நேவிக்காரர் வேகப்படகு தருவார்கள், அது உண்மை, அப்படித் தப்பினவர்களும் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் ஆளைப் படகில் ஏற்றுகிற நேரமும் நிமிடங்கள்தான்.

மாமி பேசாமல் இருந்தா. நான் சொன்னது அவவுக்கு எட்டினதா என்று தெரியவில்லை.

எட்ட வைத்தது அம்மா. அன்றிரவு யாழ்ப்பாணத்திலிருந்து எடுத்தா. தங்கச்சி ஸ்பீக்கரில் போட்டாள். அம்மா மாமியோடு கதைக்க வேண்டும் என்றா. சுகம் விசாரித்தா, முழங்கால் எப்படி என்று கேட்டா. பிறகு எந்த முகவுரையும் இல்லாமல், “என்ர அக்காவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும்தானே,” என்று தொடங்கினா.

பெரியம்மா 1989இல், நாலாவது பிள்ளையோடு செத்துப்போனா என்பது எங்களுக்குத் தெரியும். ரத்தப்போக்கு என்பது தெரியும். அதற்கு மேல் வீட்டில் யாரும் கதைத்ததில்லை. நான் அப்போது மூன்று வயது.

“கடைசி ரெண்டு மாசமும் அவவுக்குக் கட்டிலால எழும்பினா இளைக்கும்,” என்றா அம்மா. “நாக்கு வெள்ளை. நகத்தைப் பிடிச்சுப் பார்த்தா கடதாசி மாதிரி. அக்கா வெள்ளையாகிக்கொண்டு வாறா, பிள்ளை சிவப்பாப் பிறக்கப்போகுது எண்டு நாங்கள் பகிடி விட்டனாங்கள். பின்னேரம் பிள்ளை பிறந்தது. நல்ல பிள்ளை. பிறகு நிக்கேல்ல. துணி வைச்சு வைச்சு எடுத்தம். இருட்டினாப் பிறகு கடல்ல வள்ளம் இறக்கேலாத காலம். அவ தண்ணி தண்ணி எண்டு கேட்டா. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். விடிய வள்ளம் கொண்டு வந்தாங்கள். தேவைப்படேல்ல.”

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அந்தப் பக்கம் அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “அவவுக்கு ரத்தம் காணாதெண்டு ஒருத்தரும் அளந்து பார்க்கேல்ல. இவளுக்கு அளந்து எழுதிக் கிடக்கு,” என்றா.

அடுத்தநாள் காலமை மாமி தானே அலுமாரியைத் திறந்து தங்கச்சியின் உடுப்புகளைப் பையில் அடுக்கினா. ஆடுகளில் ஐந்தை விற்றுவிடச் சொன்னா. பெடியன் தன்னோடு நிற்கட்டும் என்றா. தங்கச்சியின் மனுசன் இரண்டு நாள் அலைந்து, குறிகட்டுவானிலிருந்து ஒரு வான் ஒழுங்குபண்ணினான். அதற்கு டீசல் எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அந்த மாதங்களில் அப்படியான கேள்விகளை யாரும் யாரையும் கேட்பதில்லை.

படகில் தங்கச்சி நடுவில், எஞ்சின் பக்கம், ஆட்டம் குறைந்த இடத்தில் இருந்தாள். நாலு தடவை சத்தி எடுத்தாள். யாழ்ப்பாணத்தில் வாட்டில் இடம் கிடைத்தது. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம், வெளியில் வாங்க வேண்டிவரலாம் என்று பயந்துகொண்டிருந்தோம், மருந்து இருந்தது. மண்ணிறமான திரவம் சொட்டுச் சொட்டாக இறங்குவதைத் தங்கச்சி ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தாள். “கோலா மாதிரிக் கிடக்கு,” என்றாள். ஒரு கிழமைக்குப் பிறகு பச்சையரிசி ஆசை போய்விட்டது. அவளே ஒருநாள் அதிசயமாகச் சொன்னாள், அரிசிப் பேணியைத் திறந்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்று. ஆவணிக் கடைசியில் 10.1.

என் வீட்டில் இருந்த நாட்களில் காலமைக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணியோடு போட்டாள். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தோம். இரவு கல்சியம். இதையெல்லாம் செய்ய யாழ்ப்பாணத்தில் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை, குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிறது, சந்திக்குப் போனால் தேசிக்காய் இருக்கிறது, அவளுக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. அம்மா முதல் மீன்துண்டை அவளுக்குப் போட்டா. சூரை மீன். கிரந்தி பற்றி அம்மா ஒரு சொல் சொல்லவில்லை.

புரட்டாதிக்கு முதல் கிழமை பிள்ளை பிறந்தது. பெட்டை. 2.6 கிலோ. இரத்தம் வழமையைவிடக் கொஞ்சம் கூடப் போனதாம், ஊசி போட்டு நிற்பாட்டினார்களாம், இரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. வாட்டுக்கு வெளியே வாங்கில் இருந்த எங்களுக்கு அந்த இருபது நிமிடமும் கதவு திறக்கவில்லை. அம்மா வாயைத் திறக்கவில்லை, படகில் இருப்பது போலவே இருந்தா.

பிள்ளையைப் பார்க்க மாமி வந்தா. ஆறு வருசத்துக்குப் பிறகு தீவைவிட்டு வெளியில் வருகிறாவாம். எங்கள் வீட்டுப் படியில் ஏறி, நாலாவது படியில் நின்று மூச்சு வாங்கினா. கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் பிள்ளையைக் கையில் வாங்கினா. பிள்ளையைத் தூக்கின கையின் நகங்களைப் பார்த்தேன். அடுத்தநாள் முழங்காலுக்குக் காட்டுவோம் என்று கூட்டிக்கொண்டுபோய், அப்படியே இரத்தமும் சோதிக்கச் சொன்னேன்.

8.4.

மாமிக்கு நாற்பத்தொன்பது வயது. மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை, போகிறதும் கூடப் போகிறதாம். கடைசிப் பிள்ளை பிறந்து இருபத்திரண்டு வருசம். அதற்குப் பிறகு அவவின் இரத்தத்தை ஒருவரும் அளந்ததில்லை. டொக்டர் குளிசை எழுதினார், கூடப் போவதற்கு ஸ்கான் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வெளியில் வந்ததும் மாமி கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“எனக்கு வயித்தில பிள்ளை ஒண்டும் இல்லையே பிள்ளை. பிறகென்னத்துக்கு இது?”

பாமசியில் வரிசை நீளமாக இருந்தது. குளிசைப் பைக்கற்றை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, கைப்பைக்குள் வைத்து, பையின் சிப்பை இழுத்து மூடினா.

“இதையும் தேத்தண்ணியோட போடக்கூடாது, என்ன?” என்றா.